டெல்டா சுற்றப் போகிறவர் கைபேசியில் எந்தச் செயலியை வைக்கலாம், எதை அழிக்கலாம்?

பயணச் செயலி என்று தேடினால் பிளே ஸ்டோர் நூறு காட்டும். அவற்றில் பெரும்பாலானவை சென்னையையோ பெங்களூரையோ மனத்தில் வைத்துச் செய்தவை. தஞ்சாவூரில் இறங்கி, கும்பகோணத்தில் தங்கி, மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று மூன்று நாள் சுற்றுகிறவருக்கு அதில் பாதி வெறுமனே இடத்தை அடைக்கும். மீதியில் சில தப்பான வழி காட்டும். தேர்ந்தெடுக்க இரண்டு கேள்வி போதும். சிக்னல் போனால் அந்தச் செயலி என்ன செய்யும்? அது காட்டும் தகவலை அதற்குக் கொடுப்பது யார்?

இரண்டாவது கேள்விதான் இங்கே கனமானது. ரயில் தகவலை ரயில்வேயே தருகிறது; அதனால் ரயில் செயலிகளை நம்பலாம். சாலை நிலவரம் வண்டி ஓட்டுகிறவர்களின் கைபேசிகளிலிருந்து சேர்கிறது. வண்டி நிறையப் போகும் சாலையில் சரியாக இருக்கும், வாய்க்கால் கரையில் இருக்காது. டவுன் பஸ் நேரத்தை யாரும் யாருக்கும் ஒழுங்காகத் தருவதில்லை. ஆகவே டெல்டாவில் ரயிலைச் செயலியை வைத்துத் திட்டமிடுங்கள், சாலையில் செயலியோடு கொஞ்சம் சந்தேகத்தையும் வைத்துக்கொள்ளுங்கள், பஸ்ஸை வாயால் கேளுங்கள்.

ரயில் எங்கே வருகிறது?

போட்டி இரண்டுக்குத்தான்: ‘வேர் இஸ் மை ட்ரெயின்’, ரயில்வேயின் சொந்தச் செயலியான என்.டி.இ.எஸ். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதுபோல் தெரியும். உண்மையில் வேறு வேறு வேலை.

வேர் இஸ் மை ட்ரெயின் பெங்களூரு நிறுவனம் ஒன்று உருவாக்கியது. 2018-இல் கூகுள் வாங்கிவிட்டது. அதன் பலம், நீங்கள் ரயிலுக்குள் இருக்கும்போது இன்டர்நெட்டும் ஜி.பி.எஸ்.ஸும் இல்லாமலே இடம் காட்டுவது. கைபேசி எந்தக் கோபுரத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பதைப் பார்த்து, அந்தக் கோபுரம் பாதையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தனக்குள் வைத்திருக்கும் பட்டியலோடு ஒப்பிடுகிறது. டேட்டா தீர்ந்தாலும் வேலை செய்யும். ஏரோபிளேன் மோடில் போட்டால் செய்யாது. இடம் அறியும் அனுமதியை மறுத்துவிட்டுக் குறை சொல்வதும் நியாயமில்லை. ஊரிலிருந்து கிளம்பும் முன் வைஃபையில் ஒருமுறை திறந்து, கால அட்டவணையைப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டால் புதுப்பித்துவிடுங்கள். தமிழிலும் இருக்கிறது, வீட்டுப் பெரியவர்கள் கையில் கொடுக்க இதுவே தோது.

பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, வரப்போகும் ரயிலைப் பார்க்கும்போது கதை மாறும். அப்போது அது இன்டர்நெட்டை நம்பியாக வேண்டும். கூட்டமுள்ள எக்ஸ்பிரசுக்கு நன்றாகக் காட்டும். மதிய நேரத்துத் திருவாரூர் பாசஞ்சருக்கு, கடைசியாக எப்போது புதுப்பித்தது என்று கீழே போட்டிருப்பதைப் பார்த்த பிறகே நம்ப வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் பழசு என்றால் என்.டி.இ.எஸ். திறந்து பாருங்கள். ரத்து, பாதை மாற்றம், புறப்படும் நேர மாற்றம் மூன்றுக்கும் என்.டி.இ.எஸ்.தான் மூலம். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் என்.டி.இ.எஸ்., பெட்டிக்குள் ஏறிய பிறகு வேர் இஸ் மை ட்ரெயின்.

இரண்டும் தவறும் ஓர் இடம் உண்டு. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக விழுப்புரம் போகும் மெயின் லைனில் பெரும்பகுதி இன்னும் ஒற்றைத் தண்டவாளம். எதிர் ரயில் வரும்வரை உங்கள் ரயில் ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனில் கிராசிங்குக்குக் காத்திருக்கும். அந்தத் தாமதத்தைச் செயலி முன்கூட்டிச் சொல்லாது. நடந்த பிறகு கூட்டிக் காட்டும். சரியான நேரத்தில் ஓடுவதாகக் காட்டிய ரயில் திடீரென இருபது நிமிடம் தாமதமாவது இப்படித்தான். ஒரு வழி இருக்கிறது. என்.டி.இ.எஸ்.ஸில் ‘லைவ் ஸ்டேஷன்’ பகுதிக்குப் போய், உங்களுக்கு அடுத்து வரும் பெரிய ஸ்டேஷனைக் கொடுத்து, அடுத்த 2 மணி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். எதிர்த்திசையில் ஒரு எக்ஸ்பிரஸ் அதே நேரத்துக்கு அங்கே வருவதாக இருந்தால், கிராசிங் உங்களுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். இணைப்பு ரயிலுக்குக் கால் மணி நேரம் மட்டும் விட்டுத் திட்டமிடுவது இந்தப் பாதையில் வேண்டாம்.

ரயில் எண்ணில் ஒரு சிக்கல். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர்கள் எல்லாம் 0-வில் தொடங்கும் சிறப்பு எண்ணில் ஓடின. 2025 ஜனவரி முதல் பழைய முறைக்குத் திரும்பிவிட்டன: சாதாரணப் பாசஞ்சர் 5, மின்சாரத்தில் ஓடும் மெமு 6, டீசலில் ஓடும் டெமு 7 என்று தொடங்கும். வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் ‘டெல்டா ரயில் நேரம்’ படங்களில் பல 06 எண்ணோடு இருக்கின்றன. அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் எதுவும் கிடைக்காது. ரயிலே நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. ஊர்ப்பெயர் இரண்டையும் கொடுத்துத் தேடுங்கள்.

டிக்கெட் எதில் எடுப்பது?

2025 ஜூலையில் வந்த ‘ரயில்ஒன்’ முன்பதிவு டிக்கெட், முன்பதிவில்லா டிக்கெட், பிளாட்பாரம் டிக்கெட், ரயில் இருக்குமிடம், புகார் எல்லாவற்றையும் ஒரே செயலிக்குள் கொண்டுவந்துவிட்டது. ஏற்கெனவே ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கோ, முன்பதிவில்லா டிக்கெட்டுக்கான யூ.டி.எஸ். கணக்கோ இருந்தால் அதே விவரத்தில் உள்ளே நுழையலாம். டெல்டாவுக்குள் நீங்கள் எடுக்கப்போவது பெரும்பாலும் தஞ்சாவூர்–கும்பகோணம், திருவாரூர்–நாகப்பட்டினம் மாதிரிச் சின்னத் தூர முன்பதிவில்லா டிக்கெட்டுகள். வந்துபோவது மட்டும் முன்பதிவு. அந்தக் கலவைக்கு ரயில்ஒன் ஒன்றே போதும்.

ஐ.ஆர்.சி.டி.சி.யின் ரயில் கனெக்டை அழித்துவிட வேண்டியதில்லை. தட்கலுக்குப் பழகிய கை அதிலேயே வேகமாக ஓடும். தட்கல் ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றதற்கு 11 மணி. 2025 ஜூலை முதல் ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்த்த கணக்கு கட்டாயம். அந்தக் காலை 9.55-க்கு உட்கார்ந்து ஆதாரை இணைக்க முயன்றால் ஓ.டி.பி. வருவதற்குள் இடம் முடிந்திருக்கும். முந்தின வாரமே செய்துவைக்க வேண்டிய வேலை. சாதாரண முன்பதிவு இப்போது 60 நாள் முன்புதான் திறக்கிறது. பழைய 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போய்விட்டது.

இக்சிகோ, கன்ஃபர்ம்டிக்கெட் போன்றவை காத்திருப்புப் பட்டியல் உறுதியாகுமா என்று கணிப்பதில் கெட்டிக்காரர்கள். பார்ப்பதை அங்கே பார்த்துவிட்டு, எடுப்பதை ரயில்வே செயலியில் எடுத்தால் கூடுதல் கட்டணம் மிச்சம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சென்னையிலிருந்து திருச்சி போகும் ரயில்களில் பெரும்பாலானவை விருத்தாசலம், அரியலூர் வழியான கார்டு லைனில் போகின்றன. கும்பகோணம் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. எனவே ‘சென்னை எழும்பூர்–கும்பகோணம்’ என்று நேராகத் தேடுங்கள். உழவன், சோழன் மாதிரி மெயின் லைன் ரயில்களில் இடமில்லை என்றால், கார்டு லைன் ரயிலில் திருச்சிக்கு எடுத்து, அங்கிருந்து தஞ்சாவூருக்குப் பாசஞ்சரோ பஸ்ஸோ பிடிப்பதுதான் ஊர்க்காரர்கள் செய்வது. இந்த யோசனையைச் செயலி தானாகச் சொல்வது அபூர்வம்.

முன்பதிவில்லா டிக்கெட்டைக் கைபேசியில் எடுக்கும்போது அடிக்கடி கெடுவது மூன்று இடத்தில். முதலாவது, ஸ்டேஷனுக்குள் போய் நின்றுகொண்டு எடுக்கப் பார்ப்பது. தண்டவாளத்துக்கு மிக அருகில் இருந்தால் ஜி.பி.எஸ். பார்த்து மறுத்துவிடும். ஆட்டோவில் வரும்போதே எடுங்கள். மறந்துபோய் உள்ளே வந்துவிட்டால், டிக்கெட் கவுண்டர் பக்கம் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். குறியை ஸ்கேன் செய்து எடுக்கலாம். இரண்டாவது, ரயில் வகை. சாதாரணம், மெயில்/எக்ஸ்பிரஸ், சூப்பர்ஃபாஸ்ட் என்று கேட்கும். மலிவாக இருக்கிறதே என்று சாதாரணத்தை அமுக்கிவிட்டு, முதலில் வந்த எக்ஸ்பிரசில் ஏறினால் பரிசோதகர் கண்ணுக்கு அது செல்லாத டிக்கெட். மூன்றாவது, ஸ்கிரீன்ஷாட். காகிதமில்லா டிக்கெட்டைச் செயலிக்குள் ‘ஷோ டிக்கெட்’டில் காட்டினால்தான் செல்லும், மனைவி எடுத்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் செல்லாது. எடுத்த 3 மணி நேரத்துக்குள் பயணம் தொடங்க வேண்டும், ரத்து செய்ய முடியாது, சார்ஜ் போய்விட்டால் டிக்கெட்டும் போயிற்று. பேட்டரி 15 விழுக்காட்டில் இருக்கும்போது கவுண்டரில் காகித டிக்கெட் வாங்குவதில் வெட்கமில்லை.

வரைபடம்: இங்கேதான் யோசிக்க வேண்டும்

கூகுள் மேப்ஸ், ஆர்கானிக் மேப்ஸ், மேப்பிள்ஸ் மூன்றையும் ஒப்பிடலாம். ஓஸ்மாண்டையும் சிலர் சொல்வார்கள். மலையேறுகிறவர்களுக்கு அதன் உயரக்கோடுகள் உதவும். கல்லணைக்குக் கிழக்கே கோயில் கோபுரத்தைத் தவிர உயரம் என்று எதுவும் இல்லை, ஆகவே விட்டுவிடலாம்.

கூகுளின் பலம் கடை, ஓட்டல், பெட்ரோல் பங்க், கோயில் என்று எல்லாம் அதில் இருப்பது. பலவீனம், ஆஃப்லைனில் அது வண்டிக்கு மட்டும் வழி சொல்லும். நடைவழி சொல்லாது, போக்குவரத்து நெரிசல் காட்டாது. ஆர்கானிக் மேப்ஸ் நேர் எதிர். முழுக்க ஆஃப்லைன், விளம்பரம் இல்லை, நடப்பதற்கும் சைக்கிளுக்கும்கூட வழி சொல்லும். ஆனால் கடைகளும் ஓட்டல்களும் குறைவு, புதிதாகத் திறந்த எதையும் அதில் எதிர்பார்க்க வேண்டாம். மேப்பிள்ஸ் இந்தியத் தயாரிப்பு. வேகத்தடை, பள்ளம், அபாய வளைவு எச்சரிக்கை தருவது இரவில் சொந்தக் கார் ஓட்டி வருகிறவர்களுக்குப் பயன்படும். வாடகை வண்டியில் வருகிறவருக்கு அதற்கு வேலை இல்லை.

தீர்ப்பு: கூகுள் ஒன்று, அதோடு ஆர்கானிக் ஒன்று. கும்பகோணத்தில் கும்பேசுவரர் கோயிலிலிருந்து சாரங்கபாணி, அங்கிருந்து மகாமகக் குளம் என்று நடந்தே பார்க்கிறவருக்குச் சந்துகளுக்கு ஆர்கானிக், வண்டிக்குக் கூகுள்.

கூகுளில் பகுதியை இறக்கிவைக்க: மேலே வலப்பக்கம் உங்கள் படத்தைத் தட்டி, ‘ஆஃப்லைன் வரைபடங்கள்’ போய், சொந்தமாகத் தேர்ந்தெடுக்கும் வசதியைத் தட்டினால் நீலச் சட்டம் ஒன்று வரும். மேற்கே திருச்சி, வடக்கே சிதம்பரம், தென்கிழக்கே கோடியக்கரை மூன்றும் உள்ளே விழும்படி சட்டத்தை விரியுங்கள். ஒரே சட்டத்தில் டெல்டா முழுக்க அடங்கிவிடும். தானாகப் புதுப்பிக்கும் வசதியை ஆன் செய்யாவிட்டால் காலாவதியாகி அழிந்துவிடும், அதுவும் தேவைப்படும் அன்றுதான் தெரியவரும். ஆர்கானிக்கில் தமிழ்நாட்டை இறக்கிய பிறகு காரைக்காலைப் பெரிதாக்கித் தெருக்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. திருநள்ளாறும் அதற்குள்தான் இருக்கிறது.

இனி, தப்பு நடக்கும் இடங்கள்.

முதலில் ஊர்ப்பெயர். குரு பகவானுக்குரிய ஆலங்குடி திருவாரூர் மாவட்டத்தில், வலங்கைமான் பக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி என்று ஒரு தாலுகாத் தலைநகரமே இருக்கிறது. வெறுமனே ஆலங்குடி என்று போட்டு ஸ்டார்ட் அமுக்கினால், கும்பகோணத்திலிருந்து முக்கால் மணியில் போக வேண்டியவர் புதுக்கோட்டைச் சாலையில் நிற்பார். சந்திரனுக்குரிய திங்களூர் திருவையாறு பக்கம். ஈரோடு மாவட்டத்திலும் ஒரு திங்களூர் உண்டு. பாபநாசம் தஞ்சாவூர் மாவட்டத்திலும் இருக்கிறது, திருநெல்வேலிப் பக்கமும் இருக்கிறது. சாமி பெயரைச் சேர்த்துத் தேடினால் தீருமா என்றால், பெரும்பாலும் தீரும்: ‘ஆலங்குடி ஆபத்சகாயேஸ்வரர்’, ‘திங்களூர் கைலாசநாதர்’. ஆனால் சாமி பெயரை மட்டும் போட்டால் வேறு வம்பு. ராகுவுக்குரிய திருநாகேஸ்வரத்திலும் நாகநாதசுவாமி, கேதுவுக்குரிய கீழப்பெரும்பள்ளத்திலும் நாகநாதசுவாமி. ஒன்று கும்பகோணத்தை ஒட்டி, மற்றது பூம்புகார் அருகே. ஊர், சாமி, மாவட்டம் மூன்றையும் தமிழிலேயே தட்டுங்கள். ஆங்கில எழுத்தில் இந்த ஊர்களுக்கு ஆளுக்கொரு எழுத்துக்கூட்டு. மாவட்டத்திலும் ஒரு எச்சரிக்கை: மயிலாடுதுறை 2020-இல்தான் தனி மாவட்டமானது. வைத்தீஸ்வரன்கோவிலுக்கும் திருவெண்காட்டுக்கும் பழைய பதிவுகளில் நாகப்பட்டினம் மாவட்டம் என்றே இருக்கும். அது தப்பான இடம் அல்ல, பழைய முகவரி.

அடுத்தது ஆற்றங்கரை. காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு என்று பிரிந்து ஓடும் ஊரில், கரைமேல் போகும் ஒற்றைத் தார்ச்சாலை வரைபடத்தில் நேராக, ஆளில்லாமல், வேகமாகத் தெரியும். இரண்டு நிமிடம் மிச்சம் என்று கூகுள் அதில் திருப்பிவிடும். ஒருபக்கம் ஆறு, மறுபக்கம் வயல், தடுப்பு இல்லை. எதிரே நெல் அறுவடை இயந்திரமோ வைக்கோல் ஏற்றிய டிராக்டரோ வந்தால் அரை கிலோமீட்டர் ரிவர்ஸ்தான். சம்பா அறுவடைக் காலமான தை, மாசியில் இன்னும் மோசம். சாலையின் பாதி அகலத்தில் நெல் காயும். டூவீலர் வழியைத் தேர்ந்தெடுத்தால் கூகுள் இதைவிடக் குறுகலான தடத்தில் விடும். விதி எளிது: மாற்று வழி பத்து நிமிடம் கூடுதல் என்றாலும், படத்தில் தடித்த கோடாகத் தெரியும் சாலையிலேயே போங்கள். இருட்டிய பிறகு இதில் விவாதமே கிடையாது.

கொள்ளிடத்தைத் தாண்டுவது மூன்றாவது. ஆறு அகலம், பாலம் குறைவு. கும்பகோணத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் போகிறவர்களுக்கு 2025 வரை அணைக்கரைப் பழைய பாலம்தான் வழக்கமான வழி; இப்போது கொள்ளிடத்தில் புதிய நான்குவழிப் பாலமும் இருக்கிறது. கீழணை மீதுள்ள அந்தப் பழைய பாலம் குறுகலானது. கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அதில் காரில் போகிறவருக்குக் கவலையில்லை, எதிர்ப்பக்கம் விடும்வரை காத்திருக்க நேரலாம். குழுவாகப் பெரிய பஸ்ஸில் வருகிறவர்கள் எந்தப் பாலத்தில் போவது என்று டிரைவரோடு முன்பே பேசிக்கொள்வது நல்லது. சின்னச் சின்ன ஆறுகளின் தரைப்பாலங்கள் வரைபடத்தில் ஆண்டு முழுவதும் பாலமாகவே தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் மேலே ஓடும்போது அதைக் கூகுளுக்குச் சொல்ல ஆளில்லை.

பஸ்

சென்னையிலிருந்து வர மூன்று வழி: அரசு போக்குவரத்துக் கழகத்தின் டி.என்.எஸ்.டி.சி. செயலி, ரெட்பஸ் போன்ற தரகுச் செயலி, ஆம்னி பஸ்காரர்களின் சொந்தச் செயலி. அரசு பஸ் என்றால் அரசு செயலியிலேயே எடுங்கள். திரை அழகாக இருக்காது, கட்டணம் நிலையாக இருக்கும். ஏறுமிடம் கிளாம்பாக்கமா வேறிடமா என்று படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் திறந்த பிறகும் கோயம்பேட்டில் போய் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆம்னிக்கு ரெட்பஸ் பரவாயில்லை, பஸ் எங்கே வருகிறது என்று வரைபடத்தில் காட்டும். ஆனால் இறங்குமிடத்தைத் தட்டிப் பாருங்கள்: ‘கும்பகோணம்’ என்று பெரிதாகப் போட்டு, உள்ளே பைபாஸ் என்று சின்னதாக இருக்கும். விடியற்காலை 4 மணிக்கு பைபாஸில் ஆட்டோ கிடைக்காது. முகூர்த்த நாளிலும் பொங்கலிலும் ஆம்னி விலை ஏறுவதைச் செயலி தடுக்காது.

டெல்டாவுக்குள் ஓடும் பஸ்ஸுக்குச் செயலி தேடுவது வீண். சென்னையின் ‘சென்னை ஒன்’ செயலிக்கு இங்கே வேலை இல்லை. கூகுளில் பஸ் அடையாளத்தைத் தட்டினால் ரயிலைக் காட்டும், இல்லையென்றால் நடக்கச் சொல்லும். உண்மையில் கும்பகோணத்திலிருந்து சுவாமிமலைக்கும் தாராசுரத்துக்கும் நாச்சியார்கோவிலுக்கும் பஸ் சளைக்காமல் ஓடுகிறது. தனியார் பஸ்ஸும் மினி பஸ்ஸும் வேறு. பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் அறை ஜன்னலில் இரண்டு கேள்வி கேளுங்கள்: அடுத்த பஸ் எத்தனை மணிக்கு, அங்கிருந்து திரும்பக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு. இரண்டாவதைக் கேட்க மறக்கிறவர்கள்தான் திருவெண்காட்டில் ஏழரை மணிக்கு டாக்சி தேடுகிறார்கள். நேரப் பலகை இருந்தால் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், எந்தச் செயலியை விடவும் அது மேல். சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு ‘விடியல் பயணம்’ திட்டத்தில் டிக்கெட் இலவசம்; வெளியூர்ப் பெண்களுக்கும்தான்.

தஞ்சாவூரில் பழைய பஸ் நிலையம், புதிய பஸ் நிலையம் என்று இரண்டு. பெரிய கோயில் பக்கம் இருப்பது பழையது. வெளியூர் பஸ்கள் பெரும்பாலும் புதியதிலிருந்து. ‘தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்ட்’ என்று மட்டும் போட்டால் செயலி தன் இஷ்டத்துக்கு ஒன்றைக் காட்டும்.

டாக்சியும் நவக்கிரகமும்

ஓலா, ஊபர், ராபிடோ மூன்றும் திருச்சி வரை நம்பிக்கையாக இருக்கும். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் போன்ற ஊர்களில் திரையில் வண்டி தெரிந்தாலும் வருமா என்று உறுதியில்லை. ரயில் பிடிக்க அதை நம்பி இருக்காதீர்கள். ஸ்டேஷன் வாசல் ஆட்டோ ஸ்டாண்டில் பேசி ஏறுவதே வழக்கம். செயலி காட்டும் தொகையைப் பேரம் பேச ஓர் அளவுகோலாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் பார்க்க உள்ளூர் டாக்சிதான் சரி. பேசும்போது கேட்க வேண்டியவை: எத்தனை கிலோமீட்டர் வரை இந்த வாடகை, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, டிரைவர் பேட்டா உள்ளேயா வெளியேயா, காரைக்கால் எல்லைக்குள் நுழைய பர்மிட் இருக்கிறதா. கடைசிக் கேள்வியை விட்டால் திருநள்ளாற்றுக்கு முன் சோதனைச் சாவடியில் அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம். தனியாகவோ இரண்டு பேராகவோ வருகிறவர்கள், அரசு போக்குவரத்துக் கழகம் 2024 முதல் கும்பகோணத்திலிருந்து வார இறுதியில் விடும் நவக்கிரகச் சிறப்பு பஸ்ஸை டி.என்.எஸ்.டி.சி. செயலியில் பாருங்கள், டாக்சியோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு, நிற்கும் நேரம் உங்கள் கையில் இல்லை என்பதுதான் குறை.

கூகுளில் ஒன்பது நிறுத்தம் சேர்க்கலாம். ஒன்பது கோயிலுக்கு அளவெடுத்தாற்போல் இருக்கும். ஆனால் நீங்கள் போட்ட வரிசையிலேயே போகச் சொல்லும், நல்ல வரிசை எது என்று சொல்லாது. நடை சாத்தும் நேரமும் அதற்குத் தெரியாது. பெரும்பாலான கோயில்கள் பகல் 12, 12.30-க்குச் சாத்தி மாலை 4 மணிக்குத் திறக்கின்றன. ஆகவே மேற்கிலிருந்து கிழக்கே போங்கள்: விடிந்ததும் திங்களூர், பிறகு ஆலங்குடி, திருநாகேஸ்வரம், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சூரியனார்கோவில், கஞ்சனூர். இவை ஐந்தையும் உச்சிக்குள் முடித்து, மயிலாடுதுறையில் சாப்பிட்டுவிட்டு, 4 மணிக்கு வைத்தீஸ்வரன்கோவில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியில் திருநள்ளாறு. சனிக்கிழமை என்றால் திருநள்ளாற்றிலும் வியாழன் என்றால் ஆலங்குடியிலும் வரிசை நீளும், அந்த நாளில் ஒன்பதும் முடியாது.

கோயில் நேரத்துக்குக் கூகுளை நம்புவதா, அறநிலையத்துறையின் ‘திருக்கோயில்’ செயலியை நம்புவதா? இரண்டாவதையே. பூஜை நேரமும் கட்டணச் சேவையும் அதில் கிடைக்கும். ஆனால் அது தமிழ்நாட்டு அறநிலையத்துறைக் கோயில்களுக்கு மட்டும். திருநள்ளாறு புதுச்சேரி அரசின் கீழ் வருவதால் அங்கே தேடிப் பயனில்லை. தமிழ் நாட்காட்டிச் செயலி ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள், நித்ரா போதும். முகூர்த்த நாளைப் பார்த்துவிட்டு அறை பதிவு செய்தால் கும்பகோணத்தில் லாட்ஜ் கிடைக்கும். திருநாகேஸ்வரத்தில் ராகு காலப் பாலபிஷேகம் பார்க்க ஞாயிறு என்றால் மாலை 4.30 முதல் 6 வரை, மற்ற நாளுக்கு நாட்காட்டியில் பார்த்து, மேலே சொன்ன வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

மழைக்காலம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி. வானிலைத் துறையின் ‘மௌசம்’ செயலி மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை தரும். காரைக்காலில் ரேடார் இருக்கிறது. அந்தப் படத்தில் கடல்மேல் மேகக்கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அரை மணிக்கு ஒருமுறை பார்த்தால் நாகப்பட்டினம் கரைக்கு எப்போது வரும் என்று ஊகிக்கலாம். ‘விண்டி’யில் கண்ணைப் பறிக்கும் வண்ணப்படம் கிடைக்கும், ஆனால் அது கணினிக் கணிப்பு, நடப்பதைக் காட்டுவது ரேடார். நாளைக்குப் போகலாமா என்பதற்கு விண்டியைப் பாருங்கள், இப்போது கிளம்பலாமா என்பதற்கு ரேடாரை.

‘தாமினி’ மின்னல் எச்சரிக்கைக்கு. மரமில்லாத வயல்வெளியும் கடற்கரையும் ஆற்று மணலும் மின்னலுக்கு வாகான இடங்கள் என்பதால் டெல்டாவில் இதற்கு மதிப்பு அதிகம். தமிழ்நாடு அரசின் ‘டி.என். அலர்ட்’ தமிழில் மழையளவையும் எச்சரிக்கையையும் தரும். மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு உபரி நீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால், ஒன்றிரண்டு நாளில் முக்கொம்பில் அது கொள்ளிடத்துக்குத் திரும்பும். படுகையில் இறங்கிப் படம் எடுக்கும் திட்டத்தை அப்போது விட்டுவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் செயலிக் கணக்கெல்லாம் மாறிவிடும். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் நாள்கணக்கில் இல்லை.

பணம், அவசரம்

யூ.பி.ஐ. எங்கும் செல்லும். டிகிரி காபிக் கடை முதல் வெற்றிலைக்காரம்மா வரை கியூ.ஆர். வைத்திருக்கிறார்கள். திருவிழாக் கூட்டத்தில் கோபுரம் திணறும்போதும் வங்கி சர்வர் படுக்கும்போதும்தான் சிக்கல். யூ.பி.ஐ. லைட்டில் முன்கூட்டிப் பணம் ஏற்றிவைத்தால் வங்கி சர்வர் படுத்தாலும் போகும், ரகசிய எண்ணும் கேட்காது; ஒரு முறைக்கு 1,000 ரூபாய், மொத்தம் 5,000 ரூபாய் வரை. ஆனால் டேட்டாவே இல்லை என்றால் அதுவும் போகாது. அப்போது *99# எண்ணை அழைத்து, வரும் பட்டியலைப் பின்பற்றி அனுப்பலாம், மெதுவாக இருக்கும். பஸ்ஸுக்கும் அர்ச்சனைத் தட்டுக்கும் பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் பையில் இருக்கட்டும்.

தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியில் அவசரப் பொத்தானை அமுக்கினால் இருப்பிடத்தோடு தகவல் போகும். தனியாக வரும் பெண்கள் பதிவு செய்துவைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று, பதிவுக்கு ஓ.டி.பி. வேண்டும் என்பதால் சிக்னல் உள்ள இடத்திலேயே முடித்துவிடுங்கள். நண்டலாறு தாண்டிக் காரைக்காலுக்குள் போய்விட்டால் அது வேறு போலீஸ், அங்கே 112. அந்த எண் இரண்டு பக்கமும் வேலை செய்யும், செயலியும் டேட்டாவும் தேவையில்லை. ரயிலுக்குள் என்றால் 139. கோடியக்கரைச் சரணாலயத்துக்கோ முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகிலோ போகிறவர்கள், சிக்னல் இருக்கும்போதே வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: எந்தப் படகு, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று. வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் டேட்டா போன இடத்திலேயே உறைந்து நின்றுவிடும். அதைப் பார்த்து வீட்டில் இருப்பவர்கள் பதறுவார்கள்.